நிலம் யார் கையில்?



சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலான குடும்பங்கள் வாடகைக்கு இல்லை, விலை கொடுத்து வாங்கியிருக்கின்றன. பேருந்து ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் வங்கி அதிகாரியும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். இவற்றைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பெயரைச் சுருக்கி அங்குள்ள தமிழர்கள் 'வீவக வீடு' என்பார்கள். நம் ஊரில் 'ஹவுசிங் போர்டு வீடு' என்றாலே குரலில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். 'ஸ்லம் போர்டு வீடு' என்றால் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள். வீவக வீட்டில் இருப்பதைச் சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் பேச்சு. சிங்கப்பூரைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. புகழ வேண்டியதும் உண்டு, கண்டிக்க வேண்டியதும் உண்டு, இரண்டையும் சொல்வேன். என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அரசு வீடு என்பது ஏழைகளுக்காக ஊர் ஓரத்தில் ஒதுக்கும் தருமமாக இருக்கும்வரை வீட்டுச் சந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சந்தையின் விலையையே இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிதாக்க நிலம் பொதுக் கையில் இருக்க வேண்டும். கட்டுகிற வேலை ஓராண்டு கூட நிற்கக் கூடாது.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1927-இல், சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்றோர் அமைப்பு தொடங்கப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது கட்டியது சுமார் 23,000 வீடுகள். அதற்குள் ஊர் நிரம்பி வழிந்தது. சைனாடவுன் கடைவீடுகளின் மாடிகளைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து, சன்னல் இல்லாத அறைக்கு ஒரு குடும்பம் என்று குடியிருந்தார்கள். ஊரின் விளிம்புகளில் அத்தாப்பு ஓலைக் கூரையும் துத்தநாகத் தகடுமாகக் கம்போங் எனப்படும் குடிசைக் கிராமங்கள் பெருகின. 1959-இல் சுயாட்சி வந்தது. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வீவக பிறந்தது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் ஒரு வணிகர். சம்பளம் வாங்காமல் அந்தப் பொறுப்பைப் பார்த்தார். பழைய அமைப்பு முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக, ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான வீடுகளை, புதிய கழகம் முதல் ஐந்தாண்டுகளில் கட்டி முடித்தது. அழகு பார்க்கவில்லை. பல வீடுகள் ஒற்றை அறைதான். குழாயில் தண்ணீர், சுவிட்சைப் போட்டால் விளக்கு, தீப்பிடிக்காத சுவர். அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ என்ற கம்போங்கில் தீப்பிடித்தது. நான்கு உயிர்கள் போயின. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்து தெருவுக்கு வந்தார்கள். அந்த மக்களை அரசு நகரத்துக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடவில்லை. எரிந்த நிலத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே மாடி வீடுகளை எழுப்பியது. ஓராண்டுக்குள் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அக்கம்பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் குடியேறத் தொடங்கிவிட்டன. பலருக்கு வேலைக்குப் போகும் வழி மாறவில்லை, பிள்ளைகளின் பள்ளி மாறவில்லை. ஒரு குடும்பத்துக்குச் சுவரும் கூரையும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது.

இனி நிலத்துக்கு வருகிறேன். இந்தக் கதையின் முதுகெலும்பு இதுதான், வலிக்கிற இடமும் இதுதான்.

1966-இல் நிலக் கையகச் சட்டம் வந்தது. பொதுக் காரியம் என்று அரசு சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 'எடுப்பதே தவறு' என்று வழக்குப் போட முடியாது, தொகையைப் பற்றி மட்டும் மேல்முறையீடு செய்யலாம். 1973-இல் ஒரு திருத்தம் வந்தது. 1973 நவம்பர் 30 அன்று நிலத்துக்கு இருந்த மதிப்பு, அறிவிப்பு வெளியான நாளின் மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதுதான் இழப்பீட்டுக்கு அடிப்படை. சந்தை எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றம் நிலக்காரருக்குக் கிடையாது. பல தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டவர்கள், பன்றியும் கோழியும் வளர்த்தவர்கள், கடலோரத்து மலாய்க் கம்போங் மக்கள் எல்லாரும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் முற்றமும் தொழிலும் போயின. இந்த வலியை ஒதுக்கிவிட்டு வெற்றிக்கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. சந்தை மதிப்பில் இழப்பீடு என்ற நிலைக்கு அந்தச் சட்டம் முழுமையாகத் திரும்பியது 2007-இல்தான்.

விளைவு என்ன? 1985-இல் தீவின் நிலத்தில் 76 சதவீதம் அரசுக்குச் சொந்தமாகிவிட்டது, இன்று ஏறத்தாழ 90 சதவீதம். மெட்ரோ நிலையம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, பக்கத்து நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் அங்கே பெரும்பாலும் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. நம் ஊரில் மெட்ரோ பாதை அறிவித்த மறுநாள் யார் பணக்காரர் ஆகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நிலத்துக்கு அடுத்தது பணம். 1964-இல் மக்கள் வீட்டுரிமைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் வாங்க அதிகம் பேர் வரவில்லை, ஏனென்றால் கையில் முன்பணம் இல்லை. 1968-இல் மத்திய சேமநிதியில் உள்ள பணத்தை எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். நம் ஊர் பி.எஃப். போன்றதுதான் அது. ஆனால் பிடித்தம் மிக அதிகம். இன்று 55 வயது வரையிலான ஊழியருக்குச் சம்பளத்தில் 20 சதவீதமும் முதலாளியிடமிருந்து 17 சதவீதமும் அதில் சேர்கின்றன. முன்பணமும் மாதத் தவணையும் அந்த நிதியிலிருந்தே கழிந்துவிடுவதால் பல குடும்பங்கள் கைக்கு வரும் சம்பளத்தைத் தொடாமலே வீட்டுக் கடனை அடைக்கின்றன. கழகம் தரும் கடனுக்கு வட்டி 2.6 சதவீதம். வட்டிக்கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

வாங்கிய வீடு 99 ஆண்டுக் குத்தகை. ஐந்தாண்டுகள் அதில் குடியிருந்த பிறகே விற்கலாம். இடம் மிக நல்ல இடமாக இருந்தால், 2021 இறுதியில் வந்த விதிப்படி, பத்தாண்டுகள். குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. கழகத்துக்கு ஆண்டுதோறும் விழும் பற்றாக்குறை பல நூறு கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அதை அரசு மானியம் ஈடுகட்டுகிறது. இலவசம் என்று எதுவும் இல்லை. எல்லாரும் ஏதோ ஒரு வகையில் கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.

இப்போது சந்தை. ஒரு நாட்டின் வீட்டுச் சந்தையில் அரசு வீடு என்ன வேலை செய்கிறது? பொருளாதார நூல்கள் இதைச் சிக்கலாகச் சொல்லும், நான் நேரடியாகச் சொல்கிறேன். திருமணம் செய்துகொள்ளப் போகும் இருவருக்குத் தனியார் கட்டுநரை விட்டால் வேறு வழியில்லை என்றால் கட்டுநர் சொன்னதுதான் விலை. சில ஆண்டுகள் காத்திருந்தால் கட்டுப்படியாகும் விலையில் அரசு வீடு கிடைக்கும் என்ற நிலை இருந்தால் கட்டுநர் யோசிப்பார், வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றும் முன் யோசிப்பார். அரசு வீடு வாங்காதவருக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் அந்த வரிசை உண்மையில் நகர வேண்டும். நகராத வரிசைக்குச் சந்தை அஞ்சாது.

சிங்கப்பூர் இதைக் கசப்பான அனுபவத்தில் கற்றது. 1990-களின் முதற்பாதியில் மறுவிற்பனை விதிகள் தளர்ந்தன, விலை மளமளவென ஏறியது, புது வீடு கேட்டுப் பதிந்து காத்திருந்தோர் வரிசை நீண்டது. கழகம் வேகமாகக் கட்டியது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் வரிசை கரைந்துவிட்டது. தொடங்கிய கட்டடங்களை நிறுத்த முடியாததால் ஆயிரக்கணக்கான வீடுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன. சூடுபட்ட கழகம் 2001-இல் புது முறையைக் கொண்டுவந்தது. போதிய விண்ணப்பம் சேர்ந்த பிறகே கட்டத் தொடங்குவது, அதாவது தேவைக்கேற்பக் கட்டி விற்கும் பிடிஓ முறை. கணக்குப்பிள்ளைக்கு அது நல்ல முறை. குடிமக்களுக்கு அது சரியாக அமையவில்லை. 2005-இல் 43 லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 2010-இல் 50 லட்சத்தைத் தாண்டியது. வேலைக்கு ஆட்களை வரவழைத்த வேகத்தில் பாதிகூட வீடு கட்டுவதில் இல்லை. விலை எகிறியது. 2011 மே மாதப் பொதுத் தேர்தலில் வீட்டு விலையே மேடைதோறும் பேச்சாக இருந்தது. ஆளுங்கட்சியின் வாக்கு 60 சதவீதத்துக்கு இறங்கியது. தேர்தலுக்குப் பிறகு வீடமைப்புப் பொறுப்பு வேறு அமைச்சரிடம் போனது, ஆண்டுக்குச் சுமார் 25,000 வீடுகள் என்று கட்டுமானம் முடுக்கிவிடப்பட்டது. கூடவே கடனுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2013-இலிருந்து சில ஆண்டுகள் மறுவிற்பனை விலை இறங்குமுகமாக இருந்தது. தேவை ஏறும்போது கட்டுவதைக் குறைத்தால் என்ன ஆகும், கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு குடும்பமும் விலை ஏற வேண்டும் என்றே விரும்பும். வீடுதான் அவர்களின் முதுமைக்காலச் சேமிப்பு. அவர்களின் மகனும் மகளும் வீடு வாங்க வரும்போது அதே விலை அவர்களுக்குச் சுவராக நிற்கும். 2024-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் 10 லட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறின. தந்தைக்கு விலை ஏற வேண்டும், பிள்ளைக்கு விலை இறங்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். எந்த அரசுக்கும் இது தலைவலி.

அதற்கு மேல் 99 ஆண்டுக் கணக்கு இருக்கிறது. குத்தகை தீர்ந்தால் வீடு அரசுக்குத் திரும்பும், இழப்பீடு கிடையாது. நெடுங்காலம் இதைப் பலர் நினைத்தே பார்க்கவில்லை. அரசே என்றாவது இடித்துப் புது வீடு தரும் என்று நம்பினார்கள். எல்லாப் பழைய வீடுகளுக்கும் அப்படி நடக்காது என்று 2017-இல், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் வெளிப்படையாகச் சொன்னார். பழைய வீடு வைத்திருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். 2020 கடைசியில் கேலாங் லோரோங் 3-இல் 60 ஆண்டுக் குத்தகை முடிந்த 191 தனியார் வீடுகள் அரசிடம் திரும்பியபோது, சட்டத்தில் எழுதியிருந்தது நடக்கும் என்று ஊருக்குப் புரிந்தது. என் கருத்தில் குத்தகை முறை சரியானது. நிலம் ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியது என்று ஆகிவிடாமல் அடுத்த தலைமுறைக்குத் திரும்பி வருகிறது. மக்களிடம் அதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லாமல், சொத்து வளரும் வளரும் என்று பேசி விற்றதுதான் தவறு.

இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய முடியாதவர்கள் யார்? மணமாகாத குடிமகன் 35 வயது வரை காத்திருக்க வேண்டும். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வாடகை வீடு உண்டு. மாதம் 26 வெள்ளியில் தொடங்கும் வாடகை, உண்மையிலேயே மலிவு. ஆனால் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாரும் சொந்தக்காரர்களாக இருக்கும் இடத்தில் வாடகை வீட்டுக் கட்டடம் தனியாகத் தெரிகிறது. சமூகவியலாளர் தியோ யூ யென் 2018-இல் வெளியிட்ட நூலில் அந்தக் குடும்பங்களின் அன்றாடத்தை விரிவாக எழுதினார். அங்கே அந்நூல் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

இன ஒதுக்கீடும் இருக்கிறது. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இந்தியரும் பிறரும் சேர்ந்து வட்டாரத்தில் 12 சதவீதம், கட்டடத்தில் 15 சதவீதம் என்பது 2010-இல் திருத்தப்பட்ட அளவு. தனித் தனிச் சேரிகளாக ஊர் பிரிந்துவிடாமல் இது காத்திருக்கிறது. அதே வேளையில் சீனரின் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் ஒரு தமிழர் வீட்டை விற்க வந்தால் அவர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு, எனவே விலையும் குறைவு. பொது நன்மைக்கான விதியின் செலவைச் சிறுபான்மையினர் தனியாகச் சுமப்பது நியாயமில்லை. அந்த இழப்பைக் கழகமே ஈடுகட்ட வேண்டும்.

வரிசையிலேயே நிற்க முடியாதவர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்தக் கட்டடங்களின் கம்பியைக் கட்டி, கான்கிரீட்டைக் கொட்டி, மாடி மாடியாக உயர்த்துகிறவர்கள் பங்களாதேஷிலிருந்தும் நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர், மலேசியரைத் தவிர, வீவக வீட்டை வாடகைக்குக்கூட எடுக்க முடியாது. அவர்களுக்குத் தங்குவிடுதிதான். 2020-இல் கொரோனா அந்த விடுதிகளுக்குள் புகுந்தபோது அங்கே இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், இருபது பேர் என்று அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. உலகமே பாராட்டும் வீட்டுத் திட்டத்தின் மீது இது ஒரு கறை. விடுதி விதிகள் பிறகு மேம்பட்டன, புது விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்றார்கள். பன்னிரண்டு பேர் என்பதே எனக்கு அதிகம்.

அரசு வீடுகளை விற்ற இன்னொரு நாடான பிரிட்டனைப் பற்றியும் சில வார்த்தைகள். அங்கே உள்ளாட்சி மன்றங்கள் கட்டிய வாடகை வீடுகளில் ஒரு காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் இருந்தது. 1980-இல் தாட்சர் அரசு, குடியிருப்பவர்களே அந்த வீடுகளைத் தள்ளுபடியில் வாங்கலாம் என்று சட்டம் செய்தது. தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி 50 சதவீதம் வரை போனது, பின்னர் அதற்கும் மேல். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. வாங்கிய உழைப்பாளிக் குடும்பங்கள் மகிழ்ந்தன, அதில் குற்றம் காண எனக்கு மனம் வராது. ஆனால் விற்ற பணத்தில் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவிட மன்றங்களுக்கு அனுமதி இல்லை. விற்ற வீடுகளில் பல பின்னாளில் தனியார் வாடகைச் சந்தைக்குப் போயின. இன்று அதே வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்காக அதே அரசு தனியார் உரிமையாளருக்கு வாடகை உதவித்தொகை கொடுக்கிறது. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் இந்த விற்பனையை நிறுத்திவிட்டன. சிங்கப்பூரும் விற்றது, பிரிட்டனும் விற்றது. சிங்கப்பூர் நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மேலும் மேலும் கட்டியது. பிரிட்டன் இரண்டையும் செய்யவில்லை.

சென்னையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கக் கூடாது. வீவக தொடங்கிய அடுத்த ஆண்டே, 1961-இல், நம் வீட்டுவசதி வாரியம் தொடங்கியது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 2021-இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றானது. தொடக்கத்தில் நாமும் நல்ல வழியில்தான் நடந்தோம். மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்தில், மீனவர் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினோம். வீட்டுவசதி வாரியம் அண்ணா நகரையும் கே.கே. நகரையும் உருவாக்கியது. ஆனால் மனைகளை முழு உரிமையோடு விற்றுவிட்டது. அண்ணா நகர் மனையின் இன்றைய விலையில் பொதுமக்களுக்குப் பங்கு எதுவும் இல்லை. நகரத்துக்குள் நிலம் கையை விட்டுப் போனதும் ஏழைகளை வெளியே அனுப்பத் தொடங்கினோம். 2000 வாக்கில் கண்ணகி நகர், பின்னர் பெரும்பாக்கம். கூவம் கரையில் இருந்துகொண்டு பக்கத்துத் தெருக்களில் வீட்டுவேலை பார்த்த பெண் அங்கிருந்து விடியற்காலையில் பேருந்து ஏற வேண்டும். சம்பளத்தில் கணிசமான பங்கு பயணத்துக்கே போகும், அல்லது வேலையே போகும். வீடு கொடுத்தோம் என்று கோப்பில் எழுதிக்கொண்டோம்.

சிங்கப்பூர் நிலத்தை எடுத்த விதத்தை நாம் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. குடியரசில் குடியானவனின் நிலத்தை அடிமாட்டு விலைக்கு எடுப்பது அநியாயம். ஆனால் எடுக்காமலே நம்மிடம் நிலம் இருக்கிறது. மூடிய அரசு ஆலைகள், பழைய பணிமனைகள், இடிந்துவிழும் அரசு ஊழியர் குடியிருப்புகள், வாரியத்தின் சொந்த மனைகள், இவை எல்லாம் நகரத்தின் நடுவில், பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கும் இடத்தில் கிடக்கின்றன. அவற்றை ஏலத்தில் விற்று ஒரு முறை வரும் பணத்தை அந்த ஆண்டுச் செலவில் கரைப்பதைவிட, நிலத்தை வைத்துக்கொண்டு நீண்ட குத்தகையில் வீடு கட்டித் தருவது நூறு மடங்கு மேல். அதில் துப்புரவுப் பணியாளரும் இருக்க வேண்டும், எழுத்தரும் இருக்க வேண்டும், செவிலியரும் இருக்க வேண்டும். நடுத்தர மக்களும் அங்கே குடியிருந்தால்தான் மின்தூக்கி பழுதானால் மறுநாளே ஆள் வருவார். இது நம் சமூகத்தின் வருத்தமான உண்மை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வட்டத்தில் அரசு நிலம் விற்பனைக்கு வருகிறது என்று செய்தி படித்தால், பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். அந்த நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம், ஏன் குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது, பக்கத்துக் குடிசைகளில் இருப்பவர்களுக்கு அதில் எத்தனை வீடு என்று கேளுங்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.